திகட்டினதுக்கு அப்புறம் வர்ற சுகத்துக்கு என்ன பேரு?

தீபாவளிக்கு மறுநாள் சோமனூர்ல பாதித் தறி ஓடாது. சத்தமில்லாத அந்த மத்தியானத்துல தூக்குப்போசியைத் திறந்து ஒரு கச்சாயம் எடுப்போம். அப்புறம் இன்னொண்ணு. நாலாவது உள்ள போகும்போது ஒரு சுகம் வரும் பாருங்க. கண்ணு சொருகும், இடுப்புல கட்டினதைத் தளர்த்தணும், கை மட்டும் போசியை விடாது. அதுக்குத் தமிழ்ல என்ன பேரு?

திகட்டல்னு சொல்வீங்க. எழுத்துத் தமிழ்ல தெவிட்டல். ரெண்டுமே 'போதும்'ங்கிற எடத்தைச் சொல்ற வார்த்தைங்க. நான் கேக்கறது, போதும்னு தெரிஞ்சும் தின்ற சுகத்தை.

ஜார்ஜிய மொழியில 'ஷெமோமெச்சாமா'ன்னு ஒரு சொல் இருக்கு. திங்கணும்னு நெனைக்கலை, எப்படியோ முழுசும் தின்னாச்சுன்னு அர்த்தம். குத்தத்தையும் ஒத்துக்கிட்டாச்சு, பழியையும் தள்ளிவிட்டாச்சு. நாம இதைத் துணைவினையை வெச்சே செஞ்சுடறோம். 'தின்னேன்'னா வெறும் தகவல். 'தின்னுபோட்டேனுங்க'ன்னா, இனி என்ன பண்றதுங்கிற தொனி. 'தீந்துபோச்சுங்க'ன்னா தின்ன ஆளையே காணோம், கச்சாயம் தானாத் தீந்திருக்கு!

பேர்ச்சொல்தான் இல்லை. உண்டாக்கிக்கலாம், இலக்கணமும் ஒத்தாசை பண்ணுது. லட்டு குற்றியலுகரத்துல முடியுது. பின்னாடி உயிரெழுத்து வந்தா அந்த உகரம் கழண்டுக்கும். லட்டும் உறக்கமும் சேர்ந்தா லட்டுறக்கம். ஒட்டுப்போட்ட எடமே தெரியலை. ஒப்புட்டு, அதாங்க போளி, ஆட்டத்தோட சேர்ந்தா ஒப்புட்டாட்டம். திகட்டும் ஆனந்தமும் சேர்ந்தா திகட்டானந்தம். மடத்துச் சாமியார் பேரு மாதிரி இருக்குன்னு வீட்டுல சிரிச்சாங்க.

மைசூர்பாதான் வசத்துக்கு வரலை. ஆகாரத்துல முடியறதால நடுவுல ஒரு வகரம் வந்து உக்காந்துக்குது: மைசூர்பாவுறக்கம். வாயில கரையற பண்டத்துக்கு இப்படி ஒரு முரட்டுச் சொல்லா? இத்தனைக்கும் 'மைசூர்பா'ங்கிறதே கோயம்புத்தூர் பொழங்க வெச்ச பேருதான். 1948-ல தொடங்கின ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸ், மைசூர்பாகுல கடைசி எழுத்தை உதிர்த்துட்டு, நெய் மணக்கிற மெதுவான பண்டத்துக்கு அந்தப் பேரை நிலைக்க வெச்சாங்க.

எங்க பக்கம் சர்க்கரைன்னா நாட்டுச்சர்க்கரை. வெள்ளையா இருந்தா அஸ்கா. ஒடிசாவுல அஸ்காங்கிற ஊர்ல இருந்த ஆலையால வந்த பேரு. இப்ப 'அவருக்குச் சர்க்கரை'ன்னா நோய். இனிப்போட பேரே நோவுக்குப் போயிருச்சுங்க.

எங்கம்மாவுக்கும் சர்க்கரை. மத்தியானம் எல்லாரும் கண்ணசந்த நேரத்துல போசி மூடியைச் சத்தமில்லாமத் திறப்பாங்க. கேட்டா, "ஒண்ணே ஒண்ணுதான் கண்ணு." எண்ணிப் பார்த்தா ரெண்டு குறையும். அதட்டறதா, கண்டுக்காம இருக்கறதா, ரொம்ப நாளா எனக்குத் தெரியலை. அவங்க திங்கறதுக்கு மட்டும் 'கள்ளத்தித்திப்பு'ன்னு பேரு வெச்சேன். இந்த வருசம் அவங்ககிட்டயே சொல்லிட்டேன்.

"பேரெல்லாம் இருக்கட்டும் சாமி, அதுல பாதியப் பிட்டுக் குடு"ன்னாங்க.

பிட்டுக் குடுத்தேன். மீதிப் பாதி எனக்கு.