கமெண்டில் இருக்கும் பிழையைத் திருத்தலாமா?

சி மொழியின் தர வரையறைப்படி ஒரு கமெண்ட் எத்தனை வரி நீளமாக இருந்தாலும் கம்பைலர் அதை ஒரே ஒரு ஸ்பேஸாகத்தான் எடுத்துக்கொள்ளும். அப்புறம் கம்பைலரோட சொந்த சோர்ஸ் கோடில் இருக்கிற கமெண்டுக்கு இலக்கணம் எதுக்கு?

ஆனால் எல்எல்விஎம் விதிமுறை கமெண்டை ஒழுங்கான ஆங்கில உரைநடையாக, நிறுத்தற்குறியெல்லாம் போட்டு எழுதச் சொல்கிறது. க்னூ விதிமுறையோ வாக்கியம் முடிந்தால் இரண்டு ஸ்பேஸ் விடச் சொல்கிறது. (ஈமேக்ஸ் எடிட்டருக்கு வாக்கியம் எங்கே முடிகிறது என்று தெரியவேண்டுமாம்!)

சென்னீர்குப்பத்தில் தெரு அடங்கிய பிறகு எல்எல்விஎம் கோடைப் படிப்பது என் பழக்கம். 'தி தி' என்று இரட்டித்த சொல்லையெல்லாம் ஒரு ஸ்கிரிப்டே பிடித்துவிடும். விட்டுப்போன 'ஏ', 'தி' எனக்கே தகராறு. தமிழில் அப்படி ஒன்று கிடையாதே. நான் நின்றுபோனது 'மே நாட் பி நல்' என்ற வரியில். நல் ஆக இருக்கக்கூடாது என்கிறாரா, நல் ஆக இல்லாமலும் இருக்கலாம் என்கிறாரா? தமிழில் இது இரண்டும் வேறு வேறு வினை. ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம். தப்பாகப் புரிந்துகொண்டு ஒருவர் நல் அனுப்பினால் கம்பைலரே விழும்.

கமெண்டைக் கம்பைலர் படிக்கிற இடமும் ஒன்று உண்டு. ஸ்விட்சில் பிரேக் இல்லாமல் அடுத்த கேஸுக்கு விழுந்தால் ஜிசிசி 7 (2017) முதல் எச்சரிக்கை தர முடியும். வேண்டுமென்றே விட்டிருந்தால் 'ஃபால் த்ரூ' என்று கமெண்ட் போட்டால் போதும், வாயை மூடிக்கொள்ளும். 'த்ரூ'வை ஆங்கிலத்தில் முழுசாகவும் எழுதலாம், நாலே எழுத்தில் சுருக்கியும் எழுதலாம். ஆனால் முழுசாக எழுதும்போது முதல் 'ஹெச்' விட்டுப்போனால் அது 'ட்ரஃப்', மாடு தண்ணி குடிக்கிற தொட்டி! எச்சரிக்கை அப்படியே நிற்கும்.

அதுக்காகக் கண்ணில் பட்டதையெல்லாம் திருத்துவதும் சரியில்லை. 'கிட் பிளேம்' போட்டுப் பார்த்தால் அந்த வரியை எழுதினவர் பெயர் போய், காற்புள்ளி வைத்த என் பெயர் வரும். 2019-ல் வந்த கிட் 2.23-இல் அப்படிப்பட்ட கமிட்டை ஒதுக்கிப் பார்க்க வழி வந்துவிட்டது, ஆனாலும் ரிவ்யூ செய்கிறவர் நேரம் போகிறதே. அர்த்தம் மாறுகிற இடத்தில் மட்டும் கை வைப்பது என்று முடிவு செய்தேன்.

அந்த 'மே நாட்' வரிக்குக் கீழே ஃபங்ஷனின் முதல் வரியிலேயே ஓர் அசர்ட் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு 'மஸ்ட் நாட்' என்று மாற்றினேன். பேட்ச் தலைப்பில் எல்எல்விஎம் வழக்கப்படி 'என்எஃப்சி' போட்டேன்: செயல்பாட்டில் மாற்றம் ஏதும் இல்லை.