ஹைபேஷியா

ஹைபேஷியா எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த கணித அறிஞர், வானியலாளர், மெய்யியலாளர் ஆவார். அவர் கி.பி. 350க்கும் 370க்கும் இடையில் பிறந்திருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். 415ஆம் ஆண்டு மார்ச் மாதம் கிறித்தவர்களின் கும்பல் ஒன்று அவரைக் கொன்றது. இதனால் பகுத்தறிவுக்கும் சமய நம்பிக்கைக்கும் இடையிலான மோதலின் அடையாளமாக அவர் பெயர் இன்றும் எடுத்தாளப்படுகிறது.

கல்வியும் பணியும்

இவருடைய தந்தை தியோனும் கணித அறிஞரே. யூக்ளிடின் நூலைப் பதிப்பித்தவர் அவர். தாலமியின் வானியல் நூலுக்கு அவர் எழுதிய உரையின் மூன்றாம் பகுதியின் தலைப்பில், மூலத்தைச் சரிபார்த்தவர் தம் மகள் என்று குறித்திருக்கிறார். தயோபாந்தசின் எண்கணித நூலுக்கும், அப்பல்லோனியசின் கூம்பு வெட்டுகள் பற்றிய நூலுக்கும் ஹைபேஷியா உரை எழுதியதாகப் பழங்குறிப்பு உண்டு. கடினமான மூலநூல்களை மாணவர்கள் படிக்கத்தக்க வகையில் திருத்தி விளக்குவதே அவர் செய்த பெரும்பணி. பூமி சூரியனைச் சுற்றுகிறது எனக் கண்டறிந்தார், ஆஸ்ட்ரோலேப் என்னும் வானியல் கருவியைப் புதிதாக உருவாக்கினார் என்று இணையத்தில் உலவுபவற்றுக்குச் சான்று இல்லை. நல்லாசிரியர் என்ற பெருமையே அவருக்குப் போதுமானது.

கிறித்தவ மாணவர்

ஹைபேஷியா பிளேட்டோவின் வழிவந்த மெய்யியலைக் கற்பித்தார். அவர் கிறித்தவர் அல்லர். ஆனால் அவரிடம் பயின்றோரில் கிறித்தவர்களும் இருந்தனர். அவர்களுள் சிறீன் நகரத்துச் சினேசியஸ் முக்கியமானவர். ஆசிரியருக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஒன்றில், திரவங்களின் எடையை ஒப்பிடும் கருவி ஒன்றைச் செய்வித்துத் தரும்படி கேட்கிறார். நோயுற்றிருந்தபோது எழுதிய மற்றொன்றில் அவரைத் தாய், சகோதரி, ஆசிரியர் என விளிக்கிறார்.

ஏறத்தாழ 410ஆம் ஆண்டில் சினேசியசை ஆயராகத் தேர்ந்தெடுத்தனர். அப்போது அவர் தம் சகோதரருக்கு எழுதிய கடிதம் கவனிக்கத்தக்கது. உயிர் உடலுக்குப் பின் தோன்றியது என்பதையோ, உலகம் அழியும் என்பதையோ தம்மால் ஏற்க இயலாது. மெய்யியல் கற்பித்தவற்றைப் பதவிக்காகக் கைவிட மாட்டேன். மனைவியையும் பிரிய மாட்டேன் என்ற கருத்துகளை அதில் எழுதினார். அப்படியிருந்தும் அவர் ஆயர் பொறுப்பை ஏற்றார். அறிவும் நம்பிக்கையும் ஒரே மனிதருக்குள் இப்படி இணங்கியும் பிணங்கியும் வாழ இடம் இருந்த காலம் அது. அந்த இடம் விரைவிலேயே குறுகியது.

கொலை

412இல் சிரில் அலெக்சாந்திரியாவின் தலைமை ஆயரானார். நகரின் ஆளுநர் ஒரெஸ்டஸும் கிறித்தவரே. நகரின் அதிகாரம் யாருக்கு என்பதில் இருவருக்கும் பகை மூண்டது. யூதர்கள் வெளியேற்றப்பட்டனர், துறவியர் கூட்டம் ஆளுநரைத் தாக்கியது. கல்லெறிந்த அம்மோனியஸ் என்னும் துறவி சித்திரவதையில் இறக்க, சிரில் அவரை மறைசாட்சியாகப் போற்றினார்.

ஒரெஸ்டஸ் அடிக்கடி ஹைபேஷியாவிடம் ஆலோசனை கேட்பார். எனவே இருவரும் சமாதானம் ஆகாமல் தடுப்பவர் அவரே என்று வதந்தி பரவியது. பேதுரு என்ற தேவாலய வாசகர் தலைமையில் வந்த கும்பல் அவரை வண்டியிலிருந்து இழுத்து, சிசேரியம் தேவாலயத்திற்குக் கொண்டுசென்று, ஓட்டுச் சில்லுகளால் கொன்று, உடலை எரித்தது.

இந்தக் கொடுமையைப் பதிவு செய்து கண்டித்தவர் சாக்ரட்டீஸ் ஸ்கொலாஸ்டிகஸ் என்ற கிறித்தவ வரலாற்றாசிரியர். இது சிரிலுக்கும் அலெக்சாந்திரியத் திருச்சபைக்கும் இழுக்கு என்று அவர் எழுதினார். ஆனால் ஏழாம் நூற்றாண்டில் எழுதிய நிகியு ஆயர் யோவான், ஹைபேஷியாவைச் சூனியக்காரியாகவே காட்டுகிறார். அவர் சூனியத்தோடு சேர்த்துச் சொல்லும் பொருள்களுள் ஆஸ்ட்ரோலேப்பும் ஒன்று. ஓர் ஆசிரியர் வகுப்பில் விண்மீன்களை அளக்கப் பயன்படுத்திய கருவி, அவர் கொலையை நியாயப்படுத்தும் சான்றாக மாறியிருந்தது.