நுரையோடு போகும் அழுக்கு

சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது நம் தாய்மார்கள் அதில் ஒரு கரண்டி பால் விடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சிறிது நேரத்தில் அழுக்கெல்லாம் நுரையாகத் திரண்டு மேலே வரும். அதனை எடுத்து எறிந்துவிட்டால் பாகு பளிங்குபோலத் தெளியும். ஏறத்தாழ இதே வித்தையைத்தான் கடல்நீர் மீன்தொட்டியில் ‘புரோட்டீன் ஸ்கிம்மர்’ என்னும் கருவி செய்கிறது. நுரைநீக்கி என்று நாம் அதனை அழைக்கலாம்.

சாந்த்ராகாச்சியில் இருந்துகொண்டு கடல்நீர்த் தொட்டி எதற்கு என்று சங்க அன்பர்கள் சிலர் வினவினர். காரணம் எளியது. நாம் மண்டபத்தில் பிறந்தவர்கள். நம் மகளோ இங்கே பிறந்தவள். குளிர்காலத்தில் ரயில் நிலையத்தை அடுத்த ஏரிக்கு வரும் வாத்துக்களை அவள் நன்கு அறிவாள். மன்னார் வளைகுடாவின் மீன்களை அறியாள். ஆகவே சென்ற ஆண்டு 150 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்றை அமைத்தோம். கண்ணாடியையும் கருவிகளையும் ஞாயிறுதோறும் கலீப் தெருவில் கூடும் சந்தையில் வாங்கினோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். பவளப்பாறைகளை உண்டாக்கும் பவள உயிர்கள் 2001ஆம் ஆண்டு முதல் நமது நாட்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. கடலிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். ஆகவே நம் தொட்டியில் இருப்பது செயற்கைப் பாறை. மீன்களோ தொட்டியில் பிறந்து வளர்ந்த இரண்டு கோமாளி மீன்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் மையமும் இம்மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை வகுத்துள்ளன என்பது தமிழர்களாகிய நாம் பெருமைப்படத் தக்க செய்தி.

இனிக் கருவிக்கு வருவோம். மீன் உண்டு மிஞ்சிய இரையும் அதன் கழிவும் நீரில் கரைந்து, பின்னர் அழுகி அம்மோனியா என்னும் நஞ்சாகின்றன. கரைந்த இப்பொருள்களிற் பலவற்றிற்கு ஒரு புறம் நீரை நாடும். மறுபுறம் நீரை வெறுக்கும். நீரில் காற்றுக் குமிழி ஒன்று வந்தால், வெறுக்கும் புறம் குமிழியைப் பற்றிக்கொள்ளும். நுரைநீக்கியின் பம்பு எண்ணிறந்த நுண்குமிழிகளை உண்டாக்குகிறது. அவை அழுக்கைச் சுமந்துகொண்டு குறுகிய கழுத்தின் வழியே நுரையாக ஏறி, மேலே உள்ள கிண்ணத்தில் விழுகின்றன. அழுகுவதற்கு முன்பே அழுக்கு வெளியேறிவிடுகிறது என்பதே இதன் சிறப்பு.

கருவியைப் பொருத்துவது எளிது. அளவாக இயக்குவதே அரிது. நீர் வெளியேறும் குழாயில் ஒரு வால்வு உண்டு. அதனை மூடினால் கருவிக்குள் நீர்மட்டம் உயரும். நுரை நீர்த்து, வெளிறிய தேநீர்போல மிகுதியாக வழியும். திறந்தால் மட்டம் தாழும். நுரை உலர்ந்து, கரிய குழம்பாகச் சிறிதளவே சேரும். தொடக்கத்தில் கழுத்தின் அடிவிளிம்பில் நீர்மட்டம் நிற்குமாறு வைப்பது நலம். புதிய கருவி ஒரு வாரமோ இரு வாரமோ சரியாக நுரை தராது. அதன் உட்புறம் நீரில் ஊறிப் பழகவேண்டும்.

இப்பொறுமை நமக்கு இல்லாமற் போயிற்று. மூன்றாம் நாளே நுரை வரவில்லையென்று வால்வைச் சிறிது மூடினோம். கால்மணி நேரம் பார்த்தோம்; பின்னும் மூடினோம். கிண்ணத்திலிருந்து ஒரு குழாயை வாளியில் விட்டுவிட்டு இரவுப் பணிக்குச் சென்றுவிட்டோம். அன்றிரவு வாளி நிறைந்தது. காலையில் நம் இல்லாள் வாளியைக் கொட்டிவிட்டு, தொட்டியில் நீர் குறைந்திருப்பதைக் கண்டு நன்னீர் ஊற்றி நிரப்பினார். இவ்வாறே மூன்று நாள் நடந்தது. வாளியில் சேர்ந்தது பெரும்பாலும் கடல்நீரே என்பதை நாம் உணரவில்லை. ஏறத்தாழ 30 லிட்டர் உப்புநீர் போய், அவ்வளவு நன்னீர் உள்ளே வந்துவிட்டது!

நான்காம் நாள் மாலையில், “அப்பா, சின்ன மீன் சாப்பிடமாட்டேன் என்கிறது” என்று மகள் அழுதாள். அது ஒரு மூலையில் சாய்ந்துகிடந்து மூச்சு வாங்கியது. உப்பின் அளவைச் சோதித்தோம். 1.025 இருக்கவேண்டிய நீரின் ஒப்படர்த்தி 1.020 ஆகியிருந்தது. பிழை இல்லாளுடையதன்று, வாளியில் போவது யாது என்று அவருக்குச் சொல்லாத நம்முடையது. உடனே உப்பைக் கொட்டிச் சரிசெய்யவும் கூடாது. திடீர் மாற்றம் மீனை மேலும் வருத்தும். ஆவியாகும் நீருக்கு ஈடாக நன்னீருக்குப் பதில் உப்புநீரை நாள்தோறும் சிறிது சிறிதாக ஊற்றினோம். ஐந்தாறு நாளில் அளவு மீண்டது. ஏழாம் நாள் சின்ன மீன் இரையைத் தேடி மேலே வந்தது. அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள்!

அன்று முதல் நாம் கைக்கொண்டுள்ள விதிகளை அன்பர்களுக்குக் கூறுகிறோம். வால்வை ஒருமுறை மயிரிழையளவே திருப்புக. ஒரு நாள் முழுதும் காத்திருந்து பார்த்தபின்னரே மறுபடி தொடுக. கருவி நிற்கும் அடித்தொட்டியின் நீர்மட்டம் மாறினால் நுரையும் மாறும். ஆகவே ஆவியாகும் நீரை நாள்தோறும் நன்னீரால் ஈடுசெய்க. ஆனால் நுரையோடு உப்பும் போகுமாதலால், உப்பின் அளவை வாரம் ஒருமுறை சோதிக்க. கழுத்தில் பிசுக்கு ஏறினால் நுரை ஏறாது. அதனை வாரந்தோறும் துடைக்க. எண்ணெய்க் கையைத் தொட்டியில் விட்டால் சில மணி நேரம் நுரை அடங்கிவிடும்; அப்போது வால்வைக் குறைசொல்லித் திருப்பவேண்டாம்.

வங்கத்தில் வாழும் நமக்கு இன்னொன்றும் உண்டு. சித்திரை வைகாசியில் கால்பைசாகிப் புயல் வீசி மின்சாரம் நின்றால், மேல்தொட்டியின் நீர் அடித்தொட்டிக்கு இறங்கி மட்டம் உயரும். மின்சாரம் மீண்டதும் நுரைநீக்கி பொங்கி வழியும். ஆகவே புயல் எழும்போதே அதன் சுவிட்சை அணைத்து, மின்சாரம் வந்து நீர்மட்டம் நிலைத்த பின்னரே போடுக. நுரைநீக்கி இருக்கிறதென்று நீர் மாற்றுவதையும் நிறுத்திவிடலாகாது. ஏற்கெனவே உண்டான நைட்ரேட்டை அது நீக்காது.

அண்மையில் ஒரு மாலை ஏரிக்கரையில் நடந்தபோது, சாக்கடை கலந்து ஆகாயத்தாமரை அடர்ந்த நீரைக் காட்டி, “நம் கருவியை இதில் வைத்தால் என்ன, அப்பா?” என்று மகள் கேட்டாள். உப்புநீரில் நுண்குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் நிற்கும். நன்னீரில் அவை விரைவில் கூடிப் பெருத்துவிடும். ஆதலால் கருவி இங்கே பயன்படாது என்றோம். அவள் விடவில்லை. “அப்படியானால் அழுக்கு உள்ளே வராமல்தானே தடுக்கவேண்டும்?” என்றாள்.

நாம் விடை கூறவில்லை. கூறவேண்டிய அவசியமும் இல்லை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அடுத்த கோடை விடுமுறையில் அவளை ஊருக்கு அழைத்துச் சென்று, பாட்டனார் கைபிடித்து அந்தக் கடலைக் காணச் செய்ய எண்ணியிருக்கிறோம். 150 லிட்டர் நீரைத் தூய்மையாக வைப்பது எத்துணைப் பாடு என்று அறிந்த கண்கள், பெருங்கடலை வேறு மதிப்போடு பார்க்கும் அல்லவா?