கார் ஆடுதா? கம்மி செலவில் அடக்கலாம்!

முதலில் ஒரு பரீட்சை. பேனா வேண்டாம், பேப்பர் வேண்டாம். உங்கள் கார் நிற்கிற இடத்துக்குப் போங்கள். முன்பக்க மூலையில், ஹெட்லைட்டுக்கு மேலே இரண்டு உள்ளங்கையையும் வைத்து, உடம்பு பாரத்தை எல்லாம் இறக்கி இரண்டு மூன்று தடவை அழுத்துங்கள். சட்டென்று கையை எடுங்கள். எதிர் வீட்டுக்காரர், ‘என்ன சார், கார் மேல கோபமா?’ என்று கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள்.

கார் மேலே எழும்பி, ஒரு தரம் இறங்கி, அடங்கி நின்றுவிட்டால் பாஸ். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மாதிரி மூன்று நான்கு தரம் ஆடினால் ஃபெயில். நான்கு மூலையிலும் இதே பரீட்சை. ஒன்றில் ஃபெயில் என்றாலும் ஃபெயில்தான். கிரேஸ் மார்க் கிடையாது.

எங்கள் தெரு நண்பர் ஒருவரின் கார் நான்கு மூலையிலும் ஃபெயில். செகண்ட் ஹாண்டில் வாங்கிய சின்ன கார், வயசு பதினாலு. அம்மாவுக்கு ஒரு வேண்டுதல். கொல்லிமலை அறப்பளீஸ்வரரைப் பார்க்கணும். அந்த மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு 70! அம்மா, அப்பா, மனைவி, மடியில் ஒரு குழந்தை... இந்த ஆட்டத்தோடு எப்படி ஏறுவது, அதைவிட எப்படி இறங்குவது?

பட்டறையில் ஒரு பையன் சுலபமாக வழி சொல்லிவிட்டான். “ஸ்பிரிங்கை ஒரு சுத்து வெட்டி விட்டுடலாம் சார். வண்டி கல்லு மாதிரி நிக்கும். செலவே இல்லை!”

செலவே இல்லை என்று எவராவது சொன்னால், பி.காம். படித்தவனுக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். நண்பரை இழுத்துக்கொண்டு முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கும் ஒரு மேஸ்திரியிடம் போனேன்.

“வெட்டுறதா? அண்ணே, கத்தரிக்காயா அது?” என்றார் மேஸ்திரி. பிறகு பொறுமையாகச் சொன்ன பாடம்தான் இது.

ஸ்பிரிங் வேற, ஷாக் வேற

காரின் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். பலர் இரண்டையும் ஒன்று என்று நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

என் பாஷையில் சொன்னால், ஸ்பிரிங் ஒரு டெபாசிட். பள்ளத்தில் விழும்போது வாங்கிய சக்தியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். ஷாக் அப்சார்பர் என்பது டி.டி.எஸ்.! திரும்பி வருவதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டுதான் விடும். உள்ளே இருக்கும் எண்ணெயைச் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாகப் பிஸ்டன் தள்ளும். ஆட்டம் வெப்பமாக மாறிக் கரைந்துவிடும். எண்ணெய் ஒழுகிப் போனால் பிடித்தம் இல்லை. ஆட்டமும் நிற்காது.

இது வெறும் சொகுசு விஷயம் இல்லை. ஆடுகிற வண்டியில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். டயர் அந்தரத்தில் இருக்கும் நேரத்தில் பிரேக்கை மிதித்தால் என்ன, மிதிக்காவிட்டால் என்ன? தரையைத் தொடாத டயர் வண்டியை நிறுத்தாது. மலை இறக்கத்தில் இது உயிர் சமாச்சாரம்.

காசில்லா வைத்தியம்

முதல் வைத்தியம் காற்று. டிரைவர் கதவைத் திறந்தால் பக்கத்துத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடிக்குள் இருக்கும். எத்தனை பேர் ஏறினால் எவ்வளவு காற்று என்று அதில் போட்டிருக்கும். டயர் சூடாவதற்கு முன் அந்த அளவைப் பிடியுங்கள். காற்று குறைந்த டயர், வளைவில் அல்வா மாதிரி நெளியும். அதற்காக, ‘கெட்டியா இருக்கட்டும்’ என்று அளவுக்கு மேல் அடிக்காதீர்கள். தரையைத் தொடும் பரப்பு சுருங்கிப் பிடிமானம் போய்விடும்.

இரண்டாவது, டிக்கி. நண்பரின் டிக்கியைத் திறந்தோம். வீடு பூசியபோது மிஞ்சிய அரை மூட்டை சிமென்ட், கல்லாகிக் கிடந்தது. “இதைத்தான் வருஷக்கணக்கா டூர் கூட்டிட்டுப் போறீங்களா?” என்றார் மேஸ்திரி. இறக்கியதும் பின்பக்கம் கொஞ்சம் நிமிர்ந்தது.

சின்னச் செலவு: புஷ்

சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம், ஸ்டெபிலைசர் பார் எல்லாவற்றுக்கும் மூட்டுக்கு மூட்டு ரப்பர் புஷ் உண்டு. மனுஷனுக்கு மூட்டுத் தேய்மானம் வருகிற மாதிரி, வயசானால் இந்த ரப்பரும் வெடித்துப் போகும். பள்ளத்தில் ‘டொக் டொக்’ சத்தம், பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுப்பு, ஸ்டியரிங்கில் ஒரு தொளதொளப்பு. சந்தேகம் முதலில் புஷ் மேல் விழட்டும். லிங்க் ராடு, பால் ஜாயின்ட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கம்மி செலவில் அதிக வித்தியாசம் தெரிவது இங்கேதான். பழைய கார் திடீரென்று இறுகின மாதிரி இருக்கும்.

வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாய்வதைத் தடுப்பது ஸ்டெபிலைசர் பார். சில கார்களுக்கு இதில் தடிமனான கம்பி கிடைக்கும். இதில் கூட்டு வட்டியைத் தோற்கடிக்கும் ஒரு கணக்கு உண்டு. கம்பியின் விறைப்பு, விட்டத்தின் நான்காவது அடுக்காக ஏறும். 20 மி.மீ. கம்பிக்குப் பதில் 22 மி.மீ. போட்டால் தடிமன் 10 சதவீதம்தான் கூடுகிறது. விறைப்பு 46 சதவீதம் கூடிவிடும்! ஆனால் இருக்கிற கம்பியின் புஷ்ஷே தேய்ந்திருந்தால், அதை மாற்றாமல் புதுக் கம்பிக்கு அலைவது வீண்.

கொஞ்சம் பெரிய செலவு: ஷாக்

ஷாக் அப்சார்பரின் உடம்பு எண்ணெய்ப் பிசுக்காக நனைந்திருந்தாலோ, டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தாலோ மாற்றியே ஆகவேண்டும். ஒற்றையாக மாற்றாதீர்கள். முன்னால் என்றால் முன்னால் இரண்டும், பின்னால் என்றால் பின்னால் இரண்டும். ஒரு கால் கிழம், ஒரு கால் குமரி என்றால் வண்டி நொண்டும். முன்பக்கம் கழற்றிப் பூட்டினால் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

யூடியூப் பார்த்து வீட்டிலேயே கழற்றும் வீரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இன்றைய பெரும்பாலான கார்களில் முன் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகவே இருக்கும். அமுக்கும் கருவி இல்லாமல் மேல் நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் பாய்ந்து வரும். பல்லுக்கு கியாரண்டி இல்லை.

பஃபரும் பட்டையும்

ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபர் கடைகளில் தொங்குகிறது. செலவு கம்மி, உடனே விறைப்பு தெரியும். ஆனால் அது சில சுற்றுகளை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. அந்தப் பாரமும் பக்கத்துச் சுற்றுகளின் தலையில் விழும். செத்துப்போன ஷாக்குக்கு இது மருந்தும் இல்லை.

பின்னால் கமான் பட்டை உள்ள வண்டிகளில் கூடுதலாக ஒரு பட்டை ஏற்றுவார்கள். பாரம் ஏற்றினால் நன்றாக நிற்கும். காலியாகப் போனால் இடுப்பு ஒடியும். 2014-ல் உற்பத்தி நின்ற அம்பாஸடரில் முன்பக்கம் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்குக் கம்பி. அதைத் திருகி ஏற்றினால் வண்டி கெட்டியாகும் என்று நம்பியவர்கள் உண்டு. உயரம்தான் ஏறும், விறைப்பு ஏறாது!

வெட்டினால் என்ன?

சரி, அந்தப் பையன் சொன்ன வைத்தியம்? எட்டுச் சுற்றில் ஒன்றை வெட்டினால் ஸ்பிரிங் சுமார் 14 சதவீதம் விறைக்கும். அது உண்மை. கூடவே வண்டி இறங்கிவிடும். சின்னப் பள்ளத்துக்கே அடி தட்டும். சக்கரம் கீழே தொங்கும் நேரத்தில் குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு விலகலாம். கேஸ் வைத்துச் சுட்டு வெட்டினால் எஃகின் பதம் கெட்டு, ஒரு நாள் உடையவும் கூடும். அது எழுபதில் எத்தனையாவது வளைவில் நடக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு கேள்வி கேட்கும். இன்ஷூரன்ஸ்காரரும் கேட்பார்.

நண்பர் காற்று, டிக்கி, புஷ் மூன்றையும் அன்றே முடித்தார். பின் ஷாக் ஜோடி அந்த மாதம், முன் ஜோடி அடுத்த சம்பளத்தில். வேண்டுதல் ஒரு மாதம் தள்ளிப் போனது. “சாமி எங்கேயும் போயிடாதுப்பா, நாம பத்திரமா போகணும்” என்றார் அம்மா.

நீங்கள் பட்டறைக்குப் போனால் ஒன்று செய்யுங்கள். கழற்றின பழைய ஷாக்கைக் கேட்டு வாங்கி, கம்பியைக் கையால் அழுத்தி, இழுத்துப் பாருங்கள். நல்ல ஷாக் முரண்டு பிடிக்கும், மெதுவாகத்தான் நகரும். ஊசி போட்டு முடித்த சிரிஞ்சு மாதிரி சர்ரென்று போய் வந்தால், கொடுத்த காசு வீணில்லை. முரண்டு பிடித்தால், பில்லைக் கொடுத்தவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்!