உள்ளே ஒன்றுமில்லாத வளையம்

“டீச்சர், உள்ளே ஒன்னுமே இல்லையே! ஓட்டைக்கா காசு கொடுத்தீங்க?”

படிவம் 4 மாணவன் ஒருவன் சென்ற ஆண்டு வகுப்பில் என்னைக் கேட்ட கேள்வி இது. அவன் கையில் ஒரு கறுப்பு வளையம் இருந்தது. அதை ஒரு கண்ணில் வைத்து வகுப்பு முழுவதையும் சுற்றிப் பார்த்தான். யாரோ கடைக்காரர் என்னை நன்றாக ஏமாற்றிவிட்டார் என்று முடிவும் கட்டிவிட்டான்.

அவன் பார்த்தது சரிதான். அந்த வளையத்துக்குள் கண்ணாடி கிடையாது, காற்று மட்டும்தான். கேமராக் கடையில் ‘எக்ஸ்டென்ஷன் டியூப்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். லென்ஸைக் கழற்றி, கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் இதை மாட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதுவரை ஒரு கறுப்புப் புள்ளியாகத் தெரிந்த எறும்புக்குக் கண்ணும் தாடையும் மீசையும் முளைத்துவிடும்.

இது வேடிக்கைப் பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். நம் சிலாங்கூரில் எடுக்கப்பட்ட ஒரு நெருக்கப் படம், அறிவியலுக்கே தெரியாத ஓர் உயிரினத்தைக் காட்டிக் கொடுத்திருக்கிறது.

சிலாங்கூரின் பச்சைப் பூச்சி

2011 மே மாதம். குவேக் ஹோக் பிங் என்ற மலேசியப் படப்பிடிப்பாளர், கோலாலம்பூரை ஒட்டிய சிலாங்கூர் மாநிலப் பூங்காவில் ஒரு பச்சைப் பூச்சியைப் படம் எடுத்தார். கண்ணாடி போன்ற இறக்கைகள். அவற்றின் அடிப்பகுதியில் கறுப்புக் கோடுகளும் நீலப் புள்ளிகளும் பின்னிக் கிடந்தன. படம் எடுத்து முடித்ததும் பூச்சி பறந்து போனது. அவர் படங்களை ‘ஃபிளிக்கர்’ இணையதளத்தில் போட்டார்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஷோன் விண்டர்டன் என்ற பூச்சியியலாளர் தற்செயலாக அந்தப் படத்தைப் பார்த்தார். அவர் இந்தப் பூச்சி இனத்தையே ஆராய்கிறவர். அப்படிப்பட்டவருக்கே அது எந்த வகை என்று தெரியவில்லை. சக ஆய்வாளர்களுக்கு அனுப்பினார், அவர்களுக்கும் தெரியவில்லை. பூச்சி கைவசம் இருக்கிறதா என்று குவேக்கைக் கேட்டார். இல்லை, அது பறந்துவிட்டது.

படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், புதிய இனம் என்று அறிவிக்க அருங்காட்சியகத்தில் வைக்கும்படி ஒரு மாதிரி தேவை. ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்து குவேக் மறுபடி அதே இடத்துக்குப் போனார். அதே வகைப் பூச்சி ஒன்று கிடைத்தது! டப்பாவில் வைத்துக்கொண்டு, இதை என்ன செய்வது என்று விண்டர்டனைக் கேட்டாராம். பூச்சி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்த ஸ்டீவ் புரூக்ஸிடம் போய்ச் சேர்ந்தது. புதிய இனம்தான் என்று அவர் உறுதி செய்தார். அதே வகைப் பூச்சி ஒன்று பெயரில்லாமல் அந்த அருங்காட்சியகப் பெட்டியிலேயே பல்லாண்டுகளாகக் கிடந்ததும் அப்போதுதான் தெரிய வந்தது.

மூன்று நாடுகளில் இருந்த மூவரும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை, 2012 ஆகஸ்டில் ‘ஸூகீஸ்’ ஆய்விதழில் வெளியானது. பூச்சியின் பெயர் செமகிரைசா ஜேட். பச்சை நிறத்துக்காக வைத்த பெயர் என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் ஜேட் என்பது விண்டர்டனின் மகள் பெயர். கட்டுரை ஆசிரியர்களில் ஒருவராகக் குவேக்கின் பெயரும் அச்சானது. அவர் பூச்சியியல் படித்தவர் அல்லர்.

அடையாளம் முழுக்க அந்த இறக்கையில்தான் இருந்தது என்பதைக் கவனியுங்கள். இறக்கை தெளிவாக விழாமல் போயிருந்தால் கலிபோர்னியாக்காரர் அடுத்த படத்துக்குத் தாவியிருப்பார்.

காற்று எப்படிப் பெரிதாக்குகிறது?

வீட்டிலேயே செய்து பாருங்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரின் அருகில் ஒரு பூதக்கண்ணாடியைப் பிடியுங்கள். சுவரில் ஜன்னலின் சிறிய தலைகீழ் உருவம் விழும். அடுத்து அறையை இருட்டாக்கி, கைப்பேசித் திரையைப் பூதக்கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். சுவரில் உருவம் கலங்கிவிடும். பூதக்கண்ணாடியைச் சுவரிலிருந்து விலக்கினால் திரையின் உருவம் மறுபடி தெளியும், இம்முறை பெரிதாக.

பொருள் கிட்டே வந்தால் லென்ஸ் சுவரை விட்டு விலக வேண்டும். கேமராவில் சுவர் என்பது சென்சார். லென்ஸ் விலகுவதற்கு அதன் உடலுக்குள் இருக்கும் இடம் கொஞ்சம்தான். டியூப் அந்த இடத்தைக் கூட்டிக் கொடுக்கிறது.

கணக்கும் எளிது, படிவம் 4 இயற்பியலின் ஒளியியல் பாடத்தில் இருப்பதுதான். டியூபின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுங்கள். 50 மி.மீ. லென்ஸுக்கு 36 மி.மீ. டியூப் என்றால் 0.72. அதாவது 10 மி.மீ. பூச்சி, சென்சாரில் 7.2 மி.மீ. உருவமாக விழும். மெல்லிய லென்ஸ் சூத்திரத்தில் போட்டால் பூச்சி லென்ஸிலிருந்து சுமார் 12 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். தொலைவில் இருப்பது எதுவும் இனித் தெளியாது. டியூப் மாட்டிய கேமராவை நீட்டி ‘குரூப் போட்டோ’ எடுக்க முயன்று திட்டு வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு.

ஒளியும் குறையும். கைவிளக்கைச் சுவரிலிருந்து பின்னால் இழுத்தால் வட்டம் பெரிதாகி மங்குமே, அதே காரணம்தான். மேலே சொன்ன கணக்கில் சென்சாருக்கு வரும் ஒளி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. அதனால் ஃபிளாஷ் கிட்டத்தட்டக் கட்டாயம். நேராக அடித்தால் பூச்சியின் முதுகு கண்ணாடிபோல் பளீரிடும். முன்னால் வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா மூடியை ஒட்டிக்கொள்ளுங்கள், வெளிச்சம் பரவி மென்மையாகும். கடையில் விற்கும் விலை உயர்ந்த மறைப்புகளைவிட இது ஒன்றும் மோசமில்லை.

கொசுவின் முதுகில் ஒரு யாழ்

கேலி செய்த அதே மாணவன் இரண்டு வாரம் கழித்து ஒரு போத்தலோடு வந்தான். உள்ளே காலில் வெள்ளை வளையங்கள் கொண்ட கொசு. கிள்ளானில் இருக்கும் எங்களுக்கு இது விளையாட்டு இல்லை. வகுப்பில் சில இருக்கைகள் டிங்கிக் காய்ச்சலால் காலியாகக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நம் நாட்டில் டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு இரு வகை. இரண்டுக்கும் காலில் வெள்ளை வளையம் உண்டு. வித்தியாசம் நெஞ்சின் மேல்பக்கத்தில்: ஏடிஸ் எஜிப்டை கொசுவுக்கு அங்கே யாழ் வடிவில் வெள்ளைக் கோடுகள், ஏடிஸ் அல்போபிக்டஸுக்கு நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு. முன்னது பெரும்பாலும் வீட்டுக்குள்ளும் வீட்டை ஒட்டியும் வாழ்வது. பின்னது செடி கொடிகள் உள்ள வெளிப்புறத்தை விரும்புவது. எதைப் பிடித்தோம் என்று தெரிந்தால் தேங்கிய நீரை எங்கே தேடத் தொடங்குவது என்பதும் ஓரளவு புரியும்.

கொசுவின் உடல் ஏறத்தாழ 5 மி.மீ. நெஞ்சு 1 மி.மீ. அளவுதான். என் கேமரா படத்தின் அகலத்தில் 6,000 புள்ளிகள் உள்ளன. டியூப் இல்லாமல் எடுத்தால் அந்த நெஞ்சுக்குக் கிடைப்பது 36 புள்ளிகள். டியூப் மாட்டினால் 180. முதல் படத்தில் தெரிவது அழுக்கு. இரண்டாவது படத்தில் தெரிவது யாழ்.

போத்தலைக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்து, அசைவு நின்றபின் வெள்ளைத் தாளில் கொசுவைக் கவிழாமல் கிடத்திப் படம் எடுத்தோம். யாழ் தெரிந்தது. அந்தச் சாயங்காலமே மாணவர்கள் வகுப்பறைகளின் உள்ளே தேடினார்கள். கைகழுவும் தொட்டிக்குப் பின்னால், யாரும் நகர்த்தாத ஒரு வாளியின் அடியில் புழுக்கள் நெளிந்தன. வாளியைக் கவிழ்த்தவன் அவன்தான்.

நான் தவறவிட்டது

நெருங்க நெருங்க, தெளிவாக விழும் பகுதியின் ஆழம் குறையும். 0.72 மடங்கில், துவாரத்தை எஃப் 11 வரை சுருக்கினாலும் தெளிவான பகுதி ஒன்றரை மில்லிமீட்டர் அளவே. எஃப் 22 வரை சுருக்கலாமே என்பீர்கள். அப்போது ஒளியின் விளிம்பு விளைவு மொத்தப் படத்தையும் மழுங்க வைத்துவிடும்.

இந்தப் பாடத்தை நான் கற்ற விதம் இன்னும் உறுத்துகிறது. சில ஆண்டுகளுக்கு முன், கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு சிறு குன்றில், இறக்கையில் பழுப்புப் பட்டைகள் கொண்ட ஒரு பூச்சியைப் பார்த்தேன். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் சொந்தக்காரன்போல் இருந்தது. முகத்துக்கு நேராகப் போய் எடுத்தேன். கண்கள் தங்க மணிகள்போல் விழுந்தன. இறக்கைகளோ வெறும் புகை. அந்தப் படத்துக்கு நண்பர்களிடம் கிடைத்த பாராட்டு கொஞ்சமல்ல.

‘ஐநேச்சுரலிஸ்ட்’ தளத்தில் பதிவிட்டேன். குடும்பம் வரைக்கும்தான் சொல்ல முடியும், இறக்கை நரம்புகள் தெரியவில்லை என்று ஒருவர் பதில் எழுதினார். அடுத்த பள்ளி விடுமுறையில் மறுபடி போனேன். குன்றின் பாதியை மண்வாரி தின்றிருந்தது. வீடமைப்புத் திட்டம். மீதிப் பாதியில் மூன்று நாள் தேடியும் அது கண்ணில் படவில்லை. ஏற்கெனவே பெயர் உள்ள சாதாரணப் பூச்சியாகவே அது இருக்கலாம். ஆனால் என் படத்தை வைத்து அதைக்கூடச் சொல்ல முடியாது என்பதுதான் வருத்தம்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். முதல் படம் இறக்கைக்கு. இறக்கை தட்டையானது, கேமராவின் பின்பக்கத்தை அதற்கு இணையாகப் பிடித்தால் அந்த ஒன்றரை மில்லிமீட்டருக்குள் இறக்கை முழுவதும் அடங்கிவிடும். பிறகு பக்கவாட்டில் ஒன்று. முகம் கடைசியில்தான், பூச்சி பொறுமையாக இருந்தால். இடமும் தேதியும் அன்றே எழுதிவிடுவேன். எழுதாத படம் சுவரில் மாட்டத்தான் உதவும்.

கால்களையும் எண்ணிப் பாருங்கள். மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பை, நம் வட்டாரத்தில் கெரெங்கா என்று சொல்வோமே, அதைப் படம் எடுக்கும்போது சில நேரம் எட்டுக் கால் கொண்ட ‘எறும்பு’ சிக்கும். அது எறும்பு வேடம் போடும் குதிக்கும் சிலந்தி. முன்னங்கால்களை உணர்கொம்புபோல் தூக்கி ஆட்டும். தலையின் பக்கங்களில் எறும்புக் கண்போலவே கறுப்புப் பொட்டும் உண்டு. வெறும் கண்ணுக்கு ஏமாற்றம்தான். நீண்ட சட்டைக் கையோடு போங்கள். உண்மையான கெரெங்கா ஏறினால் கேமராவைப் போட்டுவிட்டு ஓடுவீர்கள்.

வாங்குவதற்கு முன்

மலிவான டியூப்களில் மின்தொடர்பு ஊசிகள் இருக்காது. புதிய லென்ஸ்கள் பலவற்றுக்குத் துவாரத்தைச் சுருக்கக் கேமராவிலிருந்து மின்குறிப்பு வர வேண்டும்; ஊசியில்லாத டியூபில் அது வராது. துவாரத்தைக் கையால் திருப்பும் பழைய லென்ஸ் அப்பாவின் அலமாரியில் கிடந்தால் மலிவான டியூபே போதும். இல்லையேல் ஊசிகள் உள்ள, 12, 20, 36 மி.மீ. என மூன்று துண்டுகள் கொண்ட செட் வாங்குங்கள். உங்கள் கேமராவின் வாய்க்குப் பொருந்துமா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள்.

மேக்ரோ லென்ஸ் இருப்பவர்களுக்கு இது அவசியமில்லை. படத்தின் ஓரங்கள் அதில் இன்னும் கூர்மையாக விழும். அகலக் கோண லென்ஸில் டியூபை மாட்டாதீர்கள், பூச்சி கண்ணாடியிலேயே வந்து இடிக்கும்.

நீண்ட லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வேறு பயன் உண்டு. குவாலா சிலாங்கூர் இயற்கைப் பூங்காவின் சேற்றில் துள்ளும் பெலாச்சாக் மீனை நெருங்கினால் வளைக்குள் ஓடிவிடும். 300 மி.மீ. லென்ஸில் 12 மி.மீ. டியூபை மாட்டினால், நடைபாலத்தில் நின்றபடியே, லென்ஸ் வழக்கமாக ஏற்காத கிட்டத்தில் இருக்கும் மீனையும் தெளிவாக்கலாம். 8 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளியாது. மேலே மீன்கொத்தி பறந்தால் விட்டுவிட வேண்டியதுதான்.

தொடங்குவதற்குக் காடு தேவையில்லை. பிரிக்பீல்ட்ஸில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் தாழ்வாரத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. சென்ற ஞாயிறு அதன் இலையடியில், மயிரிழை போன்ற காம்புகளின் நுனியில், ஏழு வெளிர்பச்சை முட்டைகள் நின்றன. கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள். குஞ்சுகள் அசுவினியைத் தின்னும் என்பதால் செடிக்கு மருந்து அடிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் கெஞ்சி வைத்தேன். தினமும் காலையில் கிள்ளான் ரயிலுக்குப் போகும் முன் ஒரு படம். வியாழக்கிழமை பார்த்தபோது நான்கு முட்டைகள் வெறும் ஓடாக இருந்தன. ஐந்தாவதின் மேல் ஒரு குஞ்சு, காம்பில் இறங்கத் தயங்கி உட்கார்ந்திருந்தது.