குறை சென்சாரிலா, கம்பியிலா?

விஸ்வநத்தம், சிவகாசிப் பக்கம் மண் அள்ளும் இயந்திரத்துக்கு இரண்டே பெயர்தான். சக்கரத்தில் ஓடினால் ஜேசிபி, செயினில் ஓடினால் ஹிட்டாச்சி. தயாரித்த கம்பெனி எதுவாகவும் இருக்கலாம். கல்குவாரியோ, கண்மாய்த் தூர்வாரலோ, பட்டாசு ஆலைக்கு இடம் சமன்படுத்துவதோ, எல்லாம் மணி வாடகைக் கணக்கு. அதனால் திரையில் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஆர்பிஎம் ஏறாமல் வண்டி முக்கத் தொடங்கினால், ‘எந்த சென்சார் போச்சு, உடனே மாத்து’ என்ற குரல்தான் முதலில் எழும். வண்டி நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் காசு போகிறது, அவசரம் நியாயமானதே. ஆனால் விளக்குடன் திரையில் வரும் பிழைக் குறியீடு, அதாவது கோடு, சென்சார் கெட்டுவிட்டது என்று பெரும்பாலும் சொல்வதில்லை. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவுக்கு வந்து சேர்ந்த அளவு சரியில்லை என்பதைத்தான் சொல்கிறது.

2021 ஏப்ரலில், சக்கரத்தில் ஓடும் கட்டுமான இயந்திரங்களுக்குப் புதிய புகைக் கட்டுப்பாடு வந்தபின், டீசல் எஞ்சின்களில் சென்சார்கள் பெருகின. இந்த எஞ்சின்களின் இசியூக்கள் பெரும்பாலும் பேசுவது ஜே1939 என்ற பொது மொழி. அதில் ஒவ்வொரு கோடுக்கும் இரண்டு பகுதிகள். எஸ்பிஎன் எண் எந்த அளவீடு என்று சொல்லும்: 100 என்றால் எஞ்சின் ஆயில் அழுத்தம், 110 என்றால் கூலன்ட் வெப்பம். அடுத்து வரும் எஃப்எம்ஐ எண்ணைத்தான் பலர் கவனிப்பதில்லை. 100-உடன் 1 வந்தால் அளவீடு நம்பத்தக்கது, அழுத்தம் உண்மையிலேயே அபாய அளவுக்குக் குறைந்துவிட்டது. வண்டியை அந்த நொடியே நிறுத்த வேண்டும். அதே 100-உடன் 4 வந்தால் சிக்னல் மின்னழுத்தம் தாழ்ந்துவிட்டது, 3 வந்தால் ஏறிவிட்டது என்று பொருள். முதலாவது எஞ்சினைப் பற்றிய செய்தி. மற்ற இரண்டும் மின்சாரப் பாதையைப் பற்றியவை, அந்தப் பாதையில் சென்சார் ஒரு கண்ணி மட்டுமே. இரண்டையும் ஒன்றாக எண்ணிப் புது சென்சார் வாங்கி மாட்டிக்கொண்டிருப்பவர், ஆயில் இல்லாமல் ஓடும் எஞ்சினையும் அப்படியே ஓடவிடக்கூடும்.

பாதையில் குறை எங்கே என்று பிரித்தறிய இசியூவையே பயன்படுத்தலாம். கூலன்ட் சென்சாரில் இரண்டு கம்பிகள். உள்ளே இருப்பது சூடேற ஏற மின்தடை குறையும் ஒரு சிறு துண்டு. குளிர்ந்திருக்கும்போது சில ஆயிரம் ஓம், எஞ்சின் சூடானால் சில நூறு ஓம். கனெக்டரைக் கழற்றிவிட்டால் இசியூ கிட்டத்தட்ட முழு 5 வோல்ட்டையும் பார்க்கும். எஃப்எம்ஐ 3 வர வேண்டும். கழற்றிய கனெக்டரின் இரு பின்களையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் மின்னழுத்தம் சுழியாகும். 4 வர வேண்டும். (இது இரண்டு கம்பி வெப்ப சென்சாருக்கு மட்டும். மூன்று கம்பி அழுத்த சென்சாரில் கண்டபடி வயர் போட்டால், இல்லாத குறையை உண்டாக்கிவிடும்.) இரண்டு முறையும் கோடு சரியாக மாறினால் கம்பியும் இசியூவும் நலம், அப்போது சென்சாரைச் சந்தேகிக்கலாம். மாறவில்லை என்றால் எத்தனை புது சென்சார் மாட்டினாலும் விளக்கு அணையாது. ஒரே நேரத்தில் மூன்று நான்கு சென்சார்களுக்குக் கோடு வருவதும் இப்படித்தான். பல சென்சார்கள் 5 வோல்ட் சப்ளையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அவற்றில் ஒன்று ஷார்ட் ஆனால் மற்றவையும் படுத்துவிடும். மீட்டரை அந்த 5 வோல்ட்டில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ, அதுதான் ஷார்ட்டான இடம். எதைக் கழற்றினாலும் திரும்பாவிட்டால் குறை வயரிங்கிலோ இசியூவிலோ.

பட்டாசுக் கூடத்துக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுப் போகும் ஊருக்கு எர்த்தின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் வண்டி என்று வரும்போது எர்த்தைக் கடைசியில்தான் பார்க்கிறோம். ஓர் அழுத்த சென்சார் 0.5 முதல் 4.5 வோல்ட் வரைக்குள் 0 முதல் 10 பார் வரை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஓடுவது 10 மில்லி ஆம்பியர். அதன் எர்த் பின்னில் பச்சை பிடித்து 50 ஓம் தடை சேர்ந்தால் அரை வோல்ட் அங்கேயே தொலையும். அப்போது ஆயில் அழுத்தம் சுழியாக இருந்தாலும் திரையில் ஏறத்தாழ ஒரு பார் தெரியும். மின்னழுத்தம் எல்லைக்குள் இருப்பதால் 3, 4 என்ற கோடு எதுவும் வராது. ‘கன்டினியுட்டி பார்த்தேன், பீப் வந்தது’ என்பார்கள். 50 ஓம் வரைக்கும் பீப் அடிக்கும் மீட்டர்கள் உண்டு. இணைப்பைக் கழற்றாமல், சாவி போட்ட நிலையில், சென்சார் எர்த்துக்கும் பேட்டரி நெகடிவுக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று அளந்தால்தான் உண்மை வெளிவரும். வறண்ட காற்றை நம்பியே தீப்பெட்டியும் பட்டாசும் வளர்ந்த இந்த மண்ணில் பின் எப்படிப் பச்சை பிடிக்கிறது? வாட்டர் சர்வீஸில் பிரஷர் பைப்பை கனெக்டர் மீதே பிடிக்கிறோம். டெஸ்ட் லேம்ப் ஊசியால் வயரைக் குத்திப் பார்த்துவிட்டு, அந்தத் துளையை அப்படியே விட்டுவிடுகிறோம். மீதியைக் குவாரித் தூசி பார்த்துக்கொள்கிறது.

‘சென்சாரை மாற்றினேன், சரியாகிவிட்டதே’ என்பது வலுவான எதிர்வாதம்தான். ஆனால் மாற்றும்போது கனெக்டரைக் கழற்றி மீண்டும் மாட்டுகிறோம். அந்த உரசலிலேயே பின்னில் படிந்த அழுக்கு விலகி, தொடர்பு தற்காலிகமாகக் கூடிவிடலாம். பெயர் புதுச் சென்சாருக்கு. சில நாளில் அதே கோடு திரும்பும்போது பழி ‘டூப்ளிகேட் ஸ்பேர்’ மேல். பழைய சென்சாரையே கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது ஐந்து நிமிட வேலை. கம்பெனி லேப்டாப் இல்லாமல் இதெல்லாம் முடியுமா என்பது அடுத்த கேள்வி. அளவு திருத்தவும் மென்பொருள் ஏற்றவும் அது வேண்டும். பாதையைச் சோதிக்க நல்ல மல்டிமீட்டரும் வயரிங் படமும் போதும். இசியூக்கள் தமக்குள் பேசும் கேன் கம்பியையும் அதே மீட்டர் சோதிக்கும்: பேட்டரி சுவிட்சை அணைத்து இரு கம்பிகளுக்கிடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் கம்பியின் இரு முனைகளிலும் உள்ள தடைகளில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, சுழியை ஒட்டி வந்தால் இரு கம்பிகளும் ஒட்டியிருக்கின்றன.

சென்சாரே இல்லாத பழைய வண்டிதான் நல்லது என்ற ஏக்கத்தை முழுதாகத் தள்ளிவிட முடியாது. அவற்றில் வயர் அறுந்து வண்டி நின்றது குறைவு. பேரிங் உருகிய பிறகே பல குறைகள் தெரிந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்றைக்கு ஒரு ரெசிஸ்டரைச் செருகி இசியூவை ஏமாற்றி விளக்கை அணைக்கும் ‘பைபாஸ்’ வேலை, புது வண்டியை அந்தப் பழைய நிலைக்கே தள்ளுகிறது. சென்சார் உண்மையில் சாவதும் உண்டு. பிரேக்கர் மாட்டிப் பாறை உடைக்கும் வண்டியில் அதிர்வு தாங்காமல் உள்ளே இணைப்பு விட்டுப்போகலாம். வெப்ப சென்சார் என்றால் கழற்றி ஒரு பாத்திரம் வெந்நீரில் முனையை முக்கி, மீட்டரை ஓமில் வைத்துப் பார்க்கலாம். சூட்டுக்கு ஏற்ப எண் இறங்காமல் அப்படியே நின்றாலோ, தட்டும்போது துள்ளினாலோ, புதியது வாங்கிக்கொள்ளலாம்.