பின்னாடி யாரு இருக்கா?

கேரவன்னு சொன்னதும் நம்ம எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ஷூட்டிங் ஸ்பாட்தான். ஹீரோ உள்ளே ஏ.ஸி.யில இருப்பார், அசிஸ்டென்ட் டைரக்டர் வெளியே வெயில்ல காய்ஞ்சுட்டு இருப்பார். ஆனா அமெரிக்கா, ஐரோப்பா பக்கமெல்லாம் ரிட்டயர்டான தாத்தா பாட்டிகூட அதே மாதிரி ஒரு வண்டியை வாங்கி, கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாத்தையும் உள்ளே வெச்சுக்கிட்டு ஊர் ஊரா கிளம்பிடுறாங்க. பேரு மோட்டார்ஹோம். பக்கத்து கேரளாவிலயும் 2021-ல கேரவன் டூரிஸத்துக்குன்னே தனியா ஒரு கொள்கை அறிவிச்சாங்க.

மோட்டார்ஹோம் வாங்குறவங்க மெனக்கெட்டு விசாரிக்கிற ஒரு அயிட்டம், ரிவர்ஸ் கேமராவும் அதுக்கான மானிட்டரும். ஏன்னா அந்த வண்டியில நடு மிர்ரரைப் பார்த்தா ரோடு தெரியாது, பீரோதான் தெரியும்!

இதுக்கும் நாகலாபுரத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறீங்களா? விளாத்திகுளம், நாகலாபுரம், புதூர் பக்கம் ஓடுற வண்டிகளை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. சீமைக்கருவேல மூட்டத்துல சுட்ட கரியை மூட்டை மூட்டையா அடுக்கின லாரி, வத்தல் தாட்டு ஏத்தின மினி லாரி, தண்ணி டேங்கர், பின் கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர் ஒட்டின டூரிஸ்ட் வேன். எல்லாமே சக்கரம் வெச்ச சுவர்தான். கட்டில் இல்லை, பாத்ரூம் இல்லை. ஆனா மோட்டார்ஹோமுக்கு இருக்கிற அதே வியாதி இதுங்களுக்கும் இருக்கு.

நம்ம ஊர்ல அந்த வியாதி இன்னும் கொஞ்சம் முத்தினது. காரணம் வெயில். கரிசக்காட்டுல மைல் கணக்கா போனாலும் ஒதுங்க ஒரு மரம் சிக்காது. ஒரு லாரி வந்து நின்னா, அதுதான் அந்த இடத்துக்கே நிழல். களத்துல வேலை பார்த்த பாட்டி அதுல போய்த்தான் உட்காருவாங்க. ஆடு படுக்கும், நாய் படுக்கும். சின்னப் புள்ளைங்க அங்கேதான் விளையாடும். மதியம் டிரைவர் டீ குடிச்சுட்டு வந்து வண்டியை எடுக்கும்போது நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கோ, அந்தப் பக்கம் ஆள் இருக்க சான்ஸ் ரொம்ப அதிகம். அது பின்பக்கமா இருந்தா?

பத்தாங்கிளாஸ் கணக்கு ஒண்ணு

வடிவொத்த முக்கோணம் ஞாபகம் இருக்கா? எதுக்குடா இதைப் படிக்கிறோம்னு திட்டிக்கிட்டே படிச்சோமே, அதேதான். ஒரு பஸ்ஸை எடுத்துக்கோங்க. டிரைவரோட கண் தரையில இருந்து 2 மீட்டர் உயரம். பின் கண்ணாடியோட கீழ் விளிம்பு 1.5 மீட்டர். ரெண்டுக்கும் நடுவுல 8 மீட்டர் தூரம்னு வெச்சுக்குவோம். பார்வைக்கோடு 8 மீட்டருக்கு அரை மீட்டர்தான் கீழே இறங்குது. அப்படியே நீட்டினா, பஸ்ஸுக்குப் பின்னால 24 மீட்டர் தாண்டித்தான் தரையே கண்ணுக்குத் தெரியும். ஒரு மீட்டர் உயரக் குழந்தை நின்னா, 8 மீட்டர் தள்ளி நின்னாத்தான் உச்சந்தலை தெரிய ஆரம்பிக்கும். இது பின் கண்ணாடி பளிச்சுனு இருந்து, சீட்ல ஒருத்தர்கூட உட்காராதப்போ உள்ள நிலவரம். கரி லோடு லாரிக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. பின்னால தெரியுறது பூஜ்யம். சைடு மிர்ரர் ரெண்டு ஓரத்தைக் காட்டும், நேர் பின்னால நிக்கிற ஆளைக் காட்டாது.

இதுக்கு உலகம் ரொம்ப லேட்டாத்தான் முழிச்சது. 1956-லயே ப்யூக் கம்பெனி 'செஞ்சுரியன்'ங்கிற கான்செப்ட் கார்ல மிர்ரரைத் தூக்கிட்டு டி.வி. கேமராவை வெச்சுக் காட்டுச்சு. சும்மா ஷோவுக்கு! 1991-ல ஜப்பான்ல டொயோட்டா சோரர் கார்ல கேமரா நிஜமாவே வந்துச்சு. ஆனா சட்டம் வர்றதுக்கு ஒரு குழந்தை போக வேண்டியிருந்துச்சு. 2002-ல நியூயார்க் பக்கம் ஒரு அப்பா வீட்டு வாசல்ல காரைப் பின்னால எடுத்தப்போ ரெண்டு வயசுப் பையன் அடிபட்டு இறந்துட்டான். அந்த அப்பா ஒரு குழந்தை டாக்டர். பையன் பேர்லயே 2008-ல அங்கே சட்டம் வந்துச்சு. விதிமுறை 2014-ல வந்து, 2018 மே மாசத்துல இருந்து முழுசா கட்டாயம் ஆச்சு. அந்த நேரத்துல அமெரிக்க அரசு கொடுத்த கணக்குப்படி, இந்த மாதிரி ரிவர்ஸ் விபத்துகள்ல வருஷத்துக்கு சராசரியா 210 பேர் சாவு. அதுல 31 சதவிகிதம் அஞ்சு வயசுக்குக் கீழே, 26 சதவிகிதம் எழுபதும் அதுக்கு மேலயும். லாரி நிழல்ல உட்கார்ற அதே ரெண்டு செட் ஆளுங்க!

இதுல ஒரு காமெடி இருக்கு. அந்த விதி 4,536 கிலோ வரைக்குமான வண்டிகளுக்குத்தான். அதாவது பெரிய மோட்டார்ஹோமும் லாரியும் அவுட். எந்த வண்டிக்குப் பின்னால மறைவு அதிகமோ, அதுக்குக் கட்டாயம் இல்லை. நம்ம நாட்டுல 2019 ஜூலையில இருந்து புதுக் கார்களுக்கு ரிவர்ஸ் பார்க்கிங் சென்சார் கட்டாயம் ஆச்சு. தமிழ்நாட்டுல 2022 மார்ச்ல, சென்னை வளசரவாக்கத்துல ஒரு பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி ரெண்டாம் வகுப்புப் பையன் இறந்துபோனான். அதுக்கப்புறம் அதே வருஷம், பள்ளி வாகனங்களுக்கான 2012-ம் வருஷ சிறப்பு விதிகளைத் திருத்தி, முன்னும் பின்னும் கேமராவும் எச்சரிக்கை சென்சாரும் வேணும்னு அரசு சொல்லிடுச்சு. மத்த வண்டிக்காரங்க கேமராவை அவங்களா யோசிச்சு மாட்டினாத்தான் உண்டு.

எதை வாங்குறது பாஸ்?

கடைக்குப் போனா முதல்ல காதுல விழுற வார்த்தை மெகாபிக்ஸல். அதை அப்படியே இன்னொரு காது வழியா விட்டுடுங்க. 7 இஞ்ச் மானிட்டர்ல 720-க்கும் 1080-க்கும் பெரிய வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. முதல்ல பார்க்க வேண்டியது வோல்டேஜ். மினி லாரி, வேன் எல்லாம் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரி. பெரிய லாரி, பஸ் 24 வோல்ட். காருக்குன்னு விக்கிற 12 வோல்ட் கேமராவைக் கொண்டுபோய் லாரி ரிவர்ஸ் லைட்டுல கொடுத்தா, முதல் தடவை கியர் போடும்போதே புகை வரும். 9-ல இருந்து 32 வோல்ட் வரைன்னு போட்டிருக்கிற செட்டா வாங்கிட்டா எதுலயும் மாட்டலாம். நடுவுல ஒரு ஃப்யூஸ் போடச் சொல்லுங்க.

அடுத்தது ஒயர்லெஸ். பேரைக் கேட்டா ஆசையாத்தான் இருக்கும். ஆனா ஒயர்லெஸ் கேமராவுக்கும் கரன்ட் ஒயர் கட்டாயம் வேணும். படம் மட்டும்தான் காத்துல வரும்! பாதி வேலை மிச்சம், அவ்வளவுதான். அதுவும் நிறைய செட்டு 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுது. வை-ஃபை, ப்ளூடூத் எல்லாம் குடும்பம் நடத்துற அதே தெரு. நடுவுல நீளமா ஒரு தகர பாடி வேற. படம் சில சமயம் லேட்டா வரும், சில சமயம் உறைஞ்சு நிக்கும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்துல ரிவர்ஸ் போனா, ஒரு செகண்டுக்கு வண்டி 1.4 மீட்டர் நகருது. படம் அரை செகண்டு லேட்டுன்னா 70 சென்டிமீட்டர் போச்சு. கியர் போட்டு ரெண்டு செகண்டுக்குள்ள படம் வந்தாகணும்னு அமெரிக்க விதி சொல்றதோட அர்த்தம் இதுதான். படம் வர்றதுக்கு முன்னாடி கிளட்சை விட்டுட்டா 2.8 மீட்டர் கண்ணை மூடிக்கிட்டு வந்தாச்சு. அதனால என் ஓட்டு ஒயருக்குத்தான். அதுலயும் திருகி மாட்டுற நாலு பின் கனெக்டரா பாருங்க. டி.வி.டி. பிளேயருக்குக் குத்துற மஞ்சள் முள்ளு கனெக்டர், நம்ம ஊர் ரோட்டுல பத்து நாள்ல கழண்டு தொங்கும். 12 மீட்டர் பஸ்ஸுக்கு 12 மீட்டர் ஒயர் பத்தாது. மேலே ஏறி, கீழே இறங்கி, வளைஞ்சு போகுமே. ஒயர் மேல வளைய டியூப் மாட்டிடுங்க, நிக்கிற வண்டியில எலிக்கு வேற என்ன வேலை?

கேமராவும் மானிட்டரும் ஒரே ஜாதகமான்னும் பார்க்கணும். ஏ.ஹெச்.டி. கேமராவைப் பழைய சாதா மானிட்டர்ல குத்தினா 'நோ சிக்னல்'தான் வரும். தனித்தனியா வாங்குறதா இருந்தா, கடையிலேயே மாட்டிப் பார்த்துட்டு வாங்குங்க.

கோணம் விஷயத்துல ஒரு ஏமாத்து இருக்கு. 170 டிகிரின்னு அட்டையில பெருசா போட்டிருப்பான். அகலம் கூடக் கூட படத்துல ஆள் சின்னதாகிட்டே போவாங்க. பக்கத்துல நிக்கிறவர் தூரத்துல நிக்கிற மாதிரி இருக்கும். 120-ல இருந்து 140 டிகிரி போதும். இதையும் 4.3 இஞ்ச் குட்டி மானிட்டரையும் சேர்த்து வாங்கினீங்கன்னா, பின்னால நிக்கிற பொடியன் கோவில்பட்டி தீக்குச்சி சைஸ்ல தெரிவான். ஏழு இஞ்சுக்குக் கீழே இறங்காதீங்க. மேலே ஒரு சின்னக் கூரை மாதிரி தடுப்பு இருக்கிற மானிட்டர்னா இன்னும் நல்லது. சித்திரை வெயில்ல டேஷ்போர்டு மேல ஸ்க்ரீன் வெறும் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். நம்ம மூஞ்சிதான் தெரியும்.

இப்போ நம்ம மண்ணுக்கே உரிய பிரச்னை. தூசி. பஸ் பின் கண்ணாடியில விரலால பேரெழுதி அம்பு விட்டவங்கதானே நாமெல்லாம்! முன் கண்ணாடியை விட அதுல மட்டும் ஏன் அவ்வளவு புழுதி? வண்டி ஓடும்போது அதோட முதுகுக்குப் பின்னால காத்தழுத்தம் குறையுது. சக்கரம் கிளப்புற புழுதி சுழிச்சுக்கிட்டு வந்து அங்கே உட்காருது. கேமரா லென்ஸும் அதே முதுகுலதான் இருக்கு. ஐ.பி.67, ஐ.பி.69கேன்னு ரேட்டிங் போட்டு விப்பாங்க. 6-னா தூசி உள்ளே போகாது. 9கே-னா பிரஷர் பம்ப்ல சுடுதண்ணி அடிச்சாலும் தாங்கும். வாட்டர் சர்வீஸ் விடுற வண்டிக்கு 69கே நல்லதுதான். ஆனா லென்ஸ் மேல உட்கார்ற தூசியை எந்த ரேட்டிங்கும் துடைக்காது. ஐப்பசி மழையில கரிசல் களிமண் தெறிச்சுச்சுன்னா கேட்கவே வேண்டாம், ஒட்டினா ஒட்டினதுதான். நம்பர் பிளேட் பக்கத்துல மாட்டாம, பாடியோட உச்சியில, மேலே ஒரு மூடி மாதிரி வெச்சு மாட்டினா ஓரளவு தப்பிக்கும். டிரைவர் கதவுப் பையில ஒரு ஈரத்துணி இருக்கட்டும். பீடிக்கட்டுக்கு இடம் இருக்கிற பையில துணிக்கா இடம் இல்லை?

நைட்டுக்கு இன்ஃப்ரா ரெட் எல்.இ.டி. வெச்ச கேமரா கிடைக்குது. கறுப்பு வெள்ளையில காட்டும். ஆனா புழுதி பறந்தா அந்த ஒளி தூசியிலயே பட்டுத் திரும்பி, படம் பனிமூட்டம் மாதிரி ஆகிடும். இன்னொரு ரிவர்ஸ் லைட் கூட மாட்டுறது எவ்வளவோ மேல். தூங்குறவங்களுக்கும் அது ஒரு எச்சரிக்கை.

ரிவர்ஸ் கியர் போட்டதும் பாட்டு பாடுற வண்டிகளை மறந்திருக்க மாட்டீங்க. அந்தச் சத்தத்தைக் கேட்டு விலகிப் போறவங்க எப்படியும் விலகியிருப்பாங்க. காது கேட்காத பாட்டிக்கும், பாட்டு வருதேன்னு சந்தோஷமா கிட்ட வர்ற ரெண்டு வயசுக்கும் அது பிரயோஜனப்படாது. அதே மாதிரி, கேமரா வந்துடுச்சுன்னு கிளீனரை வீட்டுக்கு அனுப்புற ஐடியாவும் வேண்டாம். "வா... வா... வா... ஹோல்டான்!" சொல்ற கிளீனர் தம்பிக்கு வண்டிக்கு அடியில குனிஞ்சு பார்க்கத் தெரியும். எந்த கேமராவும் குனியாது.

மாட்டி முடிச்சதும் ரெண்டு விஷயம் செக் பண்ணுங்க. ஒண்ணு, இடது வலது. வண்டிக்கு வலதுபக்கம் ஒருத்தர் நின்னா மானிட்டர்லயும் வலதுபக்கம்தான் தெரியணும், சைடு மிர்ரர்ல தெரியற மாதிரி. கேமராவுல இதை மாத்துற செட்டிங் தப்பா இருந்தா, டிரைவர் ஆளை விட்டு விலகுறதா நினைச்சு ஆள் மேலயே ஸ்டீயரிங்கை ஒடிப்பார். ரெண்டாவது, திரையில வர்ற பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடு. அது கார் உயரத்துக்குப் போட்ட கோடு. பஸ் உச்சியில மாட்டினா அந்தக் கோடு சொல்றதெல்லாம் பொய். அதை ஆஃப் பண்ணிட்டு, தரையில சாக்பீஸ்ல அடி அடியா கோடு போட்டு, மானிட்டர் ஓரத்துல மார்க்கரால குறிச்சு வெச்சுக்கலாம்.

அமெரிக்க விதியில ஒரு டெஸ்ட் இருக்கு, அதை நம்ம ஊர்ல செலவில்லாம பண்ணிடலாம். வண்டிக்குப் பின்னால 10 அடி அகலம், 20 அடி நீளத்துக்கு ஒரு கட்டம். அதுக்குள்ள 80 சென்டிமீட்டர் உயரம், 30 சென்டிமீட்டர் விட்டத்துல ஏழு உருளைகள். கிட்டத்தட்ட ஒரு சின்னக் குழந்தை சைஸ். காலி 20 லிட்டர் பெயின்ட் வாளியை ஒண்ணு மேல ஒண்ணு கவுத்தினா ஏறக்குறைய அதே அளவு வந்துடும். ஞாயித்துக்கிழமை வண்டி நிக்கும்போது, நாலு பசங்களைக் கூட்டிட்டுப் போய் கட்டம் போட்டு வாளிகளை நிக்க வைங்க. டிரைவர் அண்ணனை சீட்ல உட்காரவெச்சு, எத்தனை வாளி தெரியுதுன்னு எண்ணச் சொல்லுங்க. முதல்ல மிர்ரரை மட்டும் பார்த்து எண்ணட்டும், அப்புறம் மானிட்டரைப் பார்த்து. பம்பரை ஒட்டி ஒரு வாளி வைக்க மறந்துடாதீங்க. திரையோட அடியில பம்பர் விளிம்பு லேசா தெரியணும். அது தெரியலைன்னா அந்த வாளியும் தெரியாது. கேமராவை இன்னும் கொஞ்சம் கீழே சாய்ச்சு, நட்டை முடுக்கிட்டு, மறுபடியும் முதல் வாளியில இருந்து எண்ணணும்.